ஃப்ரிட்ஜில் இரண்டு மாலைகள்

...தயிரைத் தேடித்தானே கீழே வந்தாள், வெறும் வயிற்றில் தலைவலி மாத்திரை போட்டால் குடல் எரியும், ரெண்டு ஸ்பூன் தயிராவது உள்ளே போகட்டும் என்றுதான், காலையில் சுலைகா பெரிய டப்பா ஒன்றைப் பின்பக்கத்துச் சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்ததை மரகதம் கண்ணால் பார்த்தாள், அதனால் நேரே இங்கே வந்து கதவைத் திறந்தாள், திறந்தால் தயிருக்குப் பின்னால் ஈரத்துணி சுற்றிய ஒரு மூட்டை, துணி ஓரத்தில் ஒரு சம்பங்கிப் பூ எட்டிப் பார்க்கிறது. சம்பங்கியா... இந்த ஊரிலா? கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் திராட்சைக் கொடியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊர், கொடி வரிசையின் முனையில் நட்டிருக்கும் ரோஜாவைக்கூடப் பறிக்கக் கூடாது என்று சாவி கொடுத்த பிரெஞ்சுக்கார அம்மா வந்த அன்றைக்கே சைகையில் சொல்லிவிட்டுப் போனாள், இதில் சம்பங்கி எங்கிருந்து வந்தது என்று துணியை விலக்கினாள், ஒன்றல்ல, இரண்டு மாலை. ரோஜாவும் சம்பங்கியும் மாற்றி மாற்றிக் கட்டி, ஜிகினா நூல் ஓட்டி, அடியில் குஞ்சம் வைத்த கல்யாண மாலை. சாமிக்கு என்றால் ஒன்று போதும், ஜோடியாக எதற்கு வாங்குவார்கள் என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு ஜூன் இருபத்தெட்டு, கல்யாண நாள். காலையிலிருந்து ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லவில்லையே, நல்லவேளை மறந்துட்டாங்க, தப்பிச்சோம் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள், மறக்கவில்லை, மறந்த மாதிரி நடித்திருக்கிறார்கள், நாலு பேரும் சேர்ந்து. கதவு திறந்தே கிடக்கிறது என்று ஃப்ரிட்ஜ் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, துணியைப் பழையபடி சுற்றி வைத்துக் கதவைச் சாத்தினாள், தயிரை எடுக்க மறந்துவிட்டாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு யாராவது மாலை மாற்றுவார்களா, இருபத்தைந்துக்கு மாற்றுவார்கள், அறுபதாம் கல்யாணத்துக்கு மாற்றுவார்கள், இருபத்திரண்டில் என்ன விசேஷம்... பிரீத்தியின் வேலையாகத்தான் இருக்கும், அந்தப் பெண்ணுக்குத் தோசை சுட்டாலும் வீடியோ, துணி மடித்தாலும் வீடியோ, கோட்டைக்குள் ஒரு மாலை மாற்றல் என்றால் விடுவாளா. கோட்டை என்று பேர்தான் பெத்த பேர், நடந்தால் நம்முடைய காலடிச் சத்தமே நம்மைத் துரத்துகிறது, முதல் நாள் ரசத்துக்குத் தாளித்ததற்கே புகை அலாரம் அலறி அந்தப் பிரெஞ்சு அம்மா நைட்டியோடு ஓடிவந்தாள். போன வருஷம் ஜூலையில், இவர்கள் குடியிருக்கும் சான் ரமோனில் ஆறு குடும்பம் சேர்ந்து போட்ட பிளான் இது, பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போகிற முதல் டூர், போர்டோவுக்குப் பக்கத்தில் வைன் தோட்டத்துக்கு நடுவில் பதினோரு ரூம் கோட்டை ஒரு வாரத்துக்கு. ஆறில் மூன்று குடும்பத்துக்கு விசா அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கவில்லை, மிச்சம் மூன்று ஜோடி, சுலைகாவும் சேக் தாவூதும், பிரீத்தியும் ரஞ்சித்குமாரும், மரகதமும் திருமூர்த்தியும். மூன்று ஜோடிக்குப் பதினோரு ரூம். கோபுரத்து ரூமைப் பிரீத்திதான் இவர்களுக்கு ஒதுக்கினாள், திரை போட்ட கட்டில், ராஜா ராணி படுக்கிற மாதிரி, "உங்களுக்குத்தான் இது சூட் ஆகும்க்கா" என்று சொல்லி. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். நாலு நாளாக மரகதம் கட்டிலிலும் திருமூர்த்தி ஜன்னலோரத்து சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டும் படுக்கிறார்கள், அக்கம்பக்கம் எட்டு ரூம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வார் என்று ராத்திரி ஒருதரம் நினைத்தாள், அப்புறம் அது இனிமேல் என் கவலை இல்லையே என்றும் நினைத்தாள், நினைத்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தாள்.

பிரியப்போகிறோம் என்று சொன்னால் சண்டை, சச்சரவு, நடுவில் வேறொருத்தி என்று எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள், அதனாலேயே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு மண்ணும் இல்லை. போன செப்டம்பரில் கிரீஷைச் சான் டியேகோவில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஃப்ரீவேயில் திரும்பி வந்தார்கள், ஏழரை மணி நேரம், கெட்டில்மன் சிட்டி பக்கத்தில் "ரெஸ்ட்ரூம் போகணுமா" என்று அவர் கேட்டார், "வேண்டாமுங்க" என்று இவள் சொன்னாள், அவ்வளவுதான், முன்னாலும் பேச்சில்லை, பின்னாலும் பேச்சில்லை, அதைவிட மோசம், பேசவில்லை என்பதே ட்ரேசி என்கிற ஊர் வரும்வரைக்கும் இவளுக்கு உறைக்கவில்லை. பின் சீட்டில் பையன் இல்லை... இத்தனை வருஷமாக அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோமா, அவன் சாக்கர், அவன் பல் கிளிப்பு, அவன் கணக்கு மார்க், அதற்கு முன்னால் பதிமூன்று வருஷம் க்ரீன் கார்டு, வந்துச்சா, வரலையா, எந்த மாசம் டேட் நகரும், க்ரீன் கார்டும் வந்தாச்சு, பையனும் போயாச்சு, இனி என்னத்தைப் பேச? "நான் கொஞ்ச நாள் தனியா இருந்து பார்க்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள், சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது. அவர் இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், லேன் மாறினார், "சரி, எக்ஸிட் எடுத்துட்டுப் பேசலாம்" என்றார். ஒரு மனுஷனுக்கு அந்த நேரத்தில் இண்டிகேட்டர் போடத் தோன்றுமா? தோன்றியது. கேஸ் ஸ்டேஷன் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை விடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "உன் இஷ்டம் மரகதம், நான் தடுக்க மாட்டேன்" என்றார். நல்ல வார்த்தைதான், எத்தனை பொம்பளைக்கு இப்படிப் புருஷன் கிடைப்பான், பிறகு ஏன் அந்த வார்த்தை அப்படிச் சுருக்கென்று தைத்தது... வீடு வந்து சேரும் வரைக்கும் தைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமையே ஷீட் ரெடி. அவருக்கு எதற்கும் ஒரு ஷீட் வேண்டும், இந்தப் பிரான்ஸ் டூருக்கு யார் எந்த நாள் சமைக்கிறது, யார் இட்லிப் பொடி கொண்டுவருகிறது, யார் ரைஸ் குக்கர் தூக்குகிறது என்று ஒன்று போட்டாரே, அதே கையால் இதற்கும் ஒன்று. மூன்று டேப், வீடு, கிரீஷ், யாருக்கு யார் சொல்வது. மூன்றாவது டேப்பைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வந்தது, உடுமலை அம்மாவுக்கு மரகதம், அடுத்த வருஷத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நேரில். கிரீஷுக்கு இரண்டு பேரும் சேர்ந்து, தேங்க்ஸ்கிவிங் லீவில். சொன்னபோது அவன் வான்கோழி சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல் "ஐ கைண்ட் ஆஃப் நியூ" என்றான், ஏற்கெனவே ஊகித்திருக்கிறான், அந்த ரோவுக்கு நேராக அன்றைக்கே முடிந்தது என்று ஒரு டிக். சான் ரமோன் கேங்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து, பிரான்ஸ் முடிந்து. கோட்டைக்கு எல்லோரும் பிளான் போட்டாயிற்று, நாம் போய் இதைச் சொல்லி அவர்கள் டூரைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னார், இவளும் சரி என்றாள். அதற்குக் கீழே சுலைகாவுக்கு மட்டும் தனி ரோ, மரகதம் தனியாக, அவசரப்படாமல். அவசரப்படாமல் என்று அவர் எழுதியிருந்தார். சுலைகாவிடம் சொல்வதுதான் இவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பித்தப்பை ஆபரேஷனுக்கு இவள் படுத்திருந்தபோது சொந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள். தெரிகிறவருக்கு வாயில் ஒரு வார்த்தை வராது, ஷீட்டில்தான் வரும். ஏப்ரலில் ப்ளசன்டனில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட் பார்த்தாள், பால்கனியிலிருந்து ஒரு ஓக் மரம் தெரிகிறது, ஆகஸ்ட் முதல் தேதி சாவி தருகிறார்கள்.

அப்போ இன்றைக்குச் சாயங்காலம் என்ன செய்வது? வைன் டேஸ்டிங்குக்குப் போனவர்கள் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள், வந்ததும் கூடத்தில் நிறுத்தி மாலையைக் கையில் கொடுப்பார்கள், மாற்றிக்கொள்ள வேண்டும், பிரீத்தி வீடியோ எடுப்பாள், அது கிரீஷுக்குப் போகும், உடுமலைக்குப் போகும், அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டுவாள், தீபாவளிக்குப் போய் நாங்க பிரிஞ்சுட்டோம் என்றால் என்ன சொல்வார்கள், அன்னிக்கு மாலை மாத்திக்கிட்டுப் பல்லைக் காட்டினீங்களே, அது என்ன நாடகமா என்று கேட்க மாட்டார்களா. நாலு நாளாகச் சேர்ந்து உட்காருவதும் சேர்ந்து போட்டோவுக்கு நிற்பதும் நாடகம் இல்லையா என்றால், நாடகம்தான், ஆனால் போட்டோ வேறு, மாலை வேறு. இவள் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை, லிவர்மோர் கோயிலுக்குப் புளியோதரைக்காகத்தான் அம்மா போகுது என்று கிரீஷ் கேலி பண்ணுவான், இருந்தாலும் மாலையைப் போட்டுக்கொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை, அது என்னவோ தப்பு, யாருக்குத் தப்பு, சாமிக்கா, சுலைகாவுக்கா, தனக்கேவா... முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் கோட்டையே சாவு வீடு மாதிரி ஆகிவிடும், இன்னும் மூன்று நாள் பாக்கி. போனை எடுத்து அவருக்கு, ஃப்ரிட்ஜில மாலை வாங்கி வச்சிருக்காங்க என்று அடித்தாள், அழித்தாள். அந்த ரஞ்சித் பக்கத்தில் நின்றுகொண்டு அடுத்தவன் போனை எட்டிப் பார்ப்பான். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார், குடிக்கவா போகிறார், தோட்டக்காரனைப் பிடித்துவைத்து இந்தக் கொடிக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி, சொட்டு நீர் போட்டிருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருப்பார், தென்னந்தோப்புக்காரர் மகன், வேறென்ன கேட்பார்.

தோட்டத்துக் கதவு திறந்தது, சுலைகா ஒரு கை நிறையப் புதினாவோடு உள்ளே வந்தாள், வைன் டேஸ்டிங்குக்கு அவள் போகவில்லை, பிரியாணி போடுகிறேன் என்று நின்றுவிட்டாள், தாவூத் மட்டும் போயிருக்கிறார், வேன் ஓட்டக் குடிக்காத ஆள் ஒருத்தர் வேண்டுமே என்று எல்லோரும் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிரியாணி... அதுவும் இதுக்குத்தானா, கல்யாணப் பிரியாணி. "தலைவலி எப்படிக்கா இருக்கு, டீ போடவா" என்று கேட்டவள் இவள் முகத்தைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"பார்த்துட்டீங்களா?"

"தயிர் எடுக்க வந்தேன்."

"இந்தப் பிரீத்திகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கீழ் ட்ரேயில வைன்னு." சுலைகா புதினாவைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். முந்தாநாள் பாரிஸுக்குப் போய்வந்த பிரீத்தி அங்கே லா ஷப்பேல் தெருவில் வாங்கியதாம், இலங்கைத் தமிழர் கடை, கட்டிக்கொடுத்த அண்ணன் மாப்பிள்ளை பொண்ணு பேரெல்லாம் விசாரித்தாராம், ரெண்டு நாள் ஈரத்துணி மாற்றி மாற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், மேலே பெட்டி வைக்கிற இடத்தில் வைத்தால் பூ நசுங்கிவிடும் என்று. இதையெல்லாம் அவள் இவளைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இப்பச் சொல்லிடு மரகதம், இதைவிட்டா வேற நேரம் கிடைக்காது, வேறு யாரும் இல்லை, ஷீட்டில் போட்டிருக்கிறபடி தனியாகத்தான் இருக்கிறாய், சொல்லு... "சுலைகா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கடைசியில்.

சுலைகா தண்ணீரை நிறுத்தினாள். "சொல்லுங்கக்கா. ரெண்டு மாசமா அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"எனக்குன்னு தனியா ஒரு ரோ போட்டிருந்தாங்களே அண்ணன்."

மரகதத்துக்கு முதலில் விளங்கவில்லை, ரோ என்றால் எந்த ரோ, விமானத்திலா, தோட்டத்திலா என்று மனசு எங்கெங்கோ போய்த் தேடிவிட்டு வந்தது, வந்ததும் காது ரெண்டும் சூடாகிவிட்டது. ஷீட். இவள் பார்த்திருக்கிறாள். எப்படி? சுலைகாவே சொன்னாள், டூருக்கென்று ஆறு பேருக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கிறதில்லையா, டிக்கெட், ரூம் போட்டோ, சமையல் லிஸ்ட் எல்லாம் போட்டு வைக்கிற ஃபோல்டர், அதற்குள் ஏப்ரல் மாசம் ஒரு நாள் புதுசாக ஒரு ஃபைல் கிடந்தது, மளிகை லிஸ்ட்டாக்கும் என்று திறந்தாள், முதல் டேப் வீடு, ரெண்டாவது டேப் கிரீஷ், மூன்றாவது டேப்பில் தன் பேரைப் பார்த்ததும் மூடிவிட்டாள், அன்றைக்கு ராத்திரியே பிரீத்தி போன் போட்டு அழுதாள், அவளும் பார்த்துவிட்டாள், ரஞ்சித்தும் பார்த்துவிட்டான், தாவூதுக்கு இவள் சொன்னாள். "நாலு பேரும் சேர்ந்து பார்க்கவே இல்லேன்னு முடிவு பண்ணினோம். நீங்களா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு." புதினாவை உதறினாள். "நீங்க சொல்லல."

"தெரிஞ்சுக்கிட்டேவா மாலை வாங்கினீங்க?"

"தெரிஞ்சதாலதான்க்கா வாங்கினோம்."

கோபம் வருமா, வந்தது, யாரைக் கேட்டு என் கழுத்தில் மாலை போட நினைச்சீங்க என்று தொண்டை வரைக்கும் வந்தது, ஆனால் சுலைகா புதினாவை ஆய்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், காம்பைக் கிண்ணத்திலும் இலையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டு. "மாலை போட்டா மனசு மாறிடும்னு பிரீத்தி சொன்னா. சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எனக்கும் ஆசையா இருந்துச்சு, அதான் வாயை மூடிக்கிட்டேன். தப்புன்னா திட்டுங்க." மரகதம் திட்டவில்லை, எழுந்துபோய்க் குப்பையிலிருந்து இலைகளைப் பொறுக்கிக் கழுவினாள், கழுவும்போதே ரெண்டு மாசமும் வரிசையாகத் திரும்பி வந்தது. ஓ, அதுக்குத்தானா... அதுக்குத்தான் கோபுரத்து ரூம், ஒற்றைக் கட்டில். அதுக்குத்தான் வேனில் இவர்கள் ரெண்டு பேரையும் கடைசி சீட்டில் ஒட்டி உட்காரவைத்தார்கள். அதுக்குத்தான் ரஞ்சித், எப்போதும் திருமூர்த்தியின் காலை வாரிவிடுகிறவன், நாலு நாளாக அண்ணனை மாதிரி ஆம்பளை உண்டா என்று புகழ்ந்து தள்ளுகிறான், அவரே திகைத்துப்போய்ப் பார்க்கிறார். அதுக்குத்தான் நேற்றுத் தாவூத் பாய் ஆற்றங்கரையில், போட்டோ எடுக்கிறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னும் கிட்ட நில்லுங்க, இன்னும் கிட்ட என்று சொல்லிச் சொல்லி இவளை அவர் தோளில் இடிக்க வைத்தார். நாங்கள் நடித்தோம், அவர்களும் நடித்தார்கள், ஆறு பேரும் கோட்டை முழுக்க விழுந்து விழுந்து நடித்திருக்கிறோம், வேடிக்கை பார்க்க ஒரு ஆள்கூட இல்லை. சிரிப்பு வந்துவிட்டது, சுலைகா பயந்துபோய்ப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை" என்றாள் மரகதம், "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காரணம் கேட்டீன்னா எங்கிட்ட ஒண்ணுமில்ல." சுலைகா காரணம் கேட்கவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தாள், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெங்காயம் வெட்டினார்கள், அழுவதற்கு வசதியாக இருந்தது.

"அண்ணன் தெரியாமத்தான் அந்த ஃபோல்டர்ல போட்டிருப்பாங்க, பாவம்" என்றாள் சுலைகா, அடுப்பில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள், எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. தெரியாமலா? குபெர்டினோவில் இருபது வருஷமாக அவர் பார்க்கிற வேலையே அதுதானே, கம்பெனியில் எந்த ஃபைலை எவன் திறக்கலாம், எவன் திறக்கக் கூடாது, எவனுக்கு இருப்பதே தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பூட்டுகிற வேலை. வீட்டிலும் அப்படித்தான், கிரீஷின் வாக்ஸினேஷன் பேப்பருக்குப் பாஸ்வேர்டு, காஸ்கோ லிஸ்டுக்குக்கூட இவளுக்கு மட்டும் பெர்மிஷன், வேலையை விட்டுப் போனவனுடைய அக்கவுன்ட்டை அஞ்சு நிமிஷம் லேட்டாக மூடினார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர். அவருக்குக் கை தவறுமா... தவறலாம், மனுஷன்தானே. ஆனால் அந்த ஷீட் போட்டது செப்டம்பரில், அப்போதே ஃபோல்டர் இருந்தது, அதற்குள் விழவில்லை. "ஏப்ரல்ல என்னிக்குப் பார்த்தே, சுலைகா?" என்று கேட்டாள், வெட்டின வெங்காயத்தையே மறுபடியும் வெட்டிக்கொண்டு. மகள் இன்ஷாவுக்கு ஸ்கூலில் சயின்ஸ் ஃபேர் நடந்த வாரம், வியாழக்கிழமை என்றாள் சுலைகா, அதற்கு முந்தின நாளும் ஃபோல்டரைத் திறந்தாளாம், அப்போது அது அங்கே இல்லை. வியாழக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம்தான் இவள் ப்ளசன்டன் அபார்ட்மென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள், சாம்பார் சூடு பண்ணிக்கொண்டே சொன்னாள், ஆகஸ்ட் ஒண்ணுக்கு சாவி தருவாங்களாமுங்க என்று, அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே "பார்க்கிங் கவர்டா?" என்று கேட்டார், ஆமாங்க என்றாள், "நல்லது, வெயில்ல வண்டி கெட்டுப்போகும்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய் லேப்டாப்பைத் திறந்தவர்... வேண்டாம், கண்டபடி யோசிக்காதே, ஒரு வாய் வார்த்தை கேட்கத் தெரியாத மனுஷன் நாலு பேருக்குக் கதவைத் திறந்துவிட்டு அவர்களாவது வந்து கேட்கட்டும் என்று இருந்திருப்பாரா? இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவள், அவர் தும்மினால் அது அலர்ஜியா சளியா என்று சொல்வாள், இதைச் சொல்ல முடியவில்லையே. மாத்திரை போடவே இல்லை, தலைவலி எப்போது போனது என்றும் தெரியவில்லை.

வேன் சரளைக்கல்லில் ஏறி வருகிற சத்தம் கேட்டது, இன்னும் வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது, இந்த ஊரில் ஆறு மணி என்பது நம்மூர் மூன்று மணி மாதிரி. சுலைகா ஈரத்துணி மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்னா சொல்லுங்க, குப்பையில போட்டுடறேன், பிரீத்திகிட்ட நான் பேசிக்கறேன்." மரகதம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, கை கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள், அதைச் சுலைகா என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, பின்னாலேயே வந்தாள். அப்புறம் எல்லாம் தடபுடலாக நடந்தது, பிரீத்தி கத்தினாள், ரஞ்சித் சின்ன ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டான், கல் சுவரில் பட்டு நாலு கல்யாணத்துச் சத்தம் வந்தது, திருமூர்த்தி அரை டிரவுசரும் முதுகில் பையுமாக நடுவில் நின்றார், தோட்டக்காரன் கொடுத்த ஒரு கிளைத் துண்டு இன்னும் கையில் இருந்தது. தாவூத் அதை வாங்கிக்கொண்டு மாலையைக் கொடுத்தார். இவள் கையிலும் ஒன்று வந்தது, ஃப்ரிட்ஜ் குளிர் இன்னும் போகவில்லை, விரல் மரத்துப்போனது. அவர் முகத்தைப் பார்த்தாள், ஆச்சரியப்படுகிறாரா, படவில்லையா, வெயிலில் கறுத்திருக்கிறது, வேறொன்றும் படிக்க முடியவில்லை. அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிரு, முதுகுவலின்னு ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியுமுங்க. ஏப்ரல்லயே ஷீட்டைப் பார்த்துட்டாங்க."

அவர் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"தெரியாமத்தான் அந்த ஃபோல்டருக்குள்ள போச்சுங்களா?"

மாலையில் எது முன்பக்கம் என்று பார்ப்பவர் மாதிரி அவர் அதைத் திருப்பினார், குஞ்சத்தைச் சரிசெய்தார், ஜிகினா நூலில் சிக்கியிருந்த ஒரு சம்பங்கியை எடுத்துவிட்டார். "தெரியாமத்தான் போச்சு மரகதம்" என்றார், "கவனிக்காம விட்டுட்டேன்." சப்பென்று ஆகிவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது, அது உட்கார்ந்துவிட்டது, எது, எதற்காக எழுந்து நின்றது, தெரியாமல் போட்டார் என்றால் நல்லதுதானே, எல்லாம் முன்னால் பேசினபடியே, ஆகஸ்ட் ஒன்று, ஓக் மரம், கவர்டு பார்க்கிங், ஒரு சிக்கலும் இல்லையே, இல்லை என்றால் ஏன் இப்படி அழுகை முட்டுகிறது... தெரிஞ்சுதான் போட்டேன், எனக்குக் கேட்கத் தெரியல என்று அவர் சொல்வார் என்றா வெங்காயம் வெட்டின நேரத்திலிருந்து காத்திருந்தாள்? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அது இவளுக்கே தெரியவில்லை, சரி என்றிருப்பாளா, ஓடியிருப்பாளா, ஆனால் காத்திருந்தது மட்டும் உண்மை, மறைக்க முடியாது. அவர் பொய் சொல்கிறாரா? பொய் சொன்னால் அவர் கண் கொட்டுவார், இப்போது கண் மாலையில் இருக்கிறது, பார்க்க முடியவில்லை, நிமிருங்க, ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பாருங்க என்று சொல்ல நினைத்தாள், அக்கா கேமராவைப் பாருங்க என்று பிரீத்தி சொன்னாள்.